முத்தலிப் சாச்சா காட்டிய கானாங்கோழி

முத்தலிப் சாச்சாவுக்கு மெதுவாகப் பேச வராது. பறவை பார்க்க வந்தவர்களிடம் "சத்தம் போடாதீங்க" என்று அவர் சொல்கிற சத்தத்துக்கே வாவியின் அக்கரையில் நிற்கும் கொக்குகள் எழுந்து போய்விடும். அப்படிப்பட்டவர் ஒருநாள் தன்னைப் பறவை வழிகாட்டி என்று அறிவித்தபோது எங்கள் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அவருடைய தொழில்களுக்கெல்லாம் சிரித்து அலுத்துப்போயிருந்தார்கள்.

ஏறாவூரில் வாவியை ஒட்டிய கடைசித் தெரு எங்களுடையது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. அவருடைய வீடு என்று எழுதுவது வசதிக்காகத்தான். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். வீடும், வளவும், வளவுக்குப் பின்னால் வாவி வரைக்கும் புதர்ப் பற்றையும் சேறுமாகக் கிடக்கிற நிலமும் அவருடைய மனைவி ஸஹீதா சாச்சியின் பேரில் இருக்கின்றன. சாச்சியின் தாய் ஆசியா உம்மாவும் அங்கேதான். அந்த வளவில் மருமகனுக்குச் சொந்தமாக இருப்பது அவருடைய வாய் ஒன்றுதான் என்று ஆசியா உம்மா வேலியோரம் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். எங்களுக்கும் அவர்களுக்கும் உறவு கிடையாது. அயல் என்பதால் சின்ன வயதிலிருந்தே சாச்சா, சாச்சி என்று கூப்பிட்டு வருகிறேன்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நீட்டிச் சொல்ல அவரே போதும். பிறந்தது ஓட்டமாவடியில். தகப்பன் சைக்கிளில் துணி விற்றவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கத்தாருக்குப் போய் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தார். லீவில் வந்து கலியாணம் முடித்தார், திரும்பவும் போனார். அந்த அரபி தன்னுடைய ராஜாளியை இவரை நம்பித்தான் விட்டிருந்தானாம். பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று கையை மடக்கி, ராஜாளி எங்கே உட்காரும், எப்படிப் பார்க்கும் என்று செய்து காட்டுவார். சிறுமியாக இருந்த நானும் வாயைத் திறந்துகொண்டு கேட்டிருக்கிறேன். பிறகு சாச்சியின் தம்பி ஸாஜித் அதே நாட்டிலிருந்து லீவில் வந்தபோது உண்மை தெரிந்தது. ராஜாளி பின் சீட்டில் போகும். அதற்கு வேர்க்காமல் ஏசியைப் போட்டு வைப்பது மச்சானுடைய வேலை. தொட்டால் அரபி வேலையை விட்டே தூக்கிவிடுவான்.

ஊரோடு வந்த பிறகு மெயின் ரோட்டில் 'டோஹா கூல் ஸ்பொட்' என்று ஜூஸ் கடை போட்டார். கடைக்கு முந்தியே போர்ட் வந்தது. கடை போன பிறகும் போர்ட் இருந்தது. இப்போது அது பின்வளவுக் குளியலறைக்குக் கதவு. அடுத்தது நண்டு. வாவிக்குள் கூடு கட்டி, மெலிந்த நண்டுகளை விட்டுக் கொழுக்க வைத்துக் கொழும்புக்கு அனுப்பப் போகிறேன் என்றார். மாரி மழையில் வாவி பெருகிக் கூடுகள் புரண்டன. நண்டுகள் போய்விட்டன. "நான்தான் தொறந்து உட்டன், பாவம்" என்று அவர் சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.

அவரை நான் எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு முழுக் காரணமும் அவர்தானா என்று தெரியவில்லை. நான் புவியியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பட்டம் முடித்து வீட்டில் இருக்கிறேன். அரசாங்க வேலைக்கு நியமனம் வரும் என்கிறார்கள். வாப்பா ஓட்டோ ஓட்டுகிறார், ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மகளின் பட்டத்தைப் பற்றிச் சொல்கிறார். அதனால் கடைக்குப் போகவே எனக்கு வெட்கம். "இன்னும் ஒண்டும் சரிவரல்லையா புள்ள?" என்று கேட்பார்கள். முத்தலிப் சாச்சா இத்தனை தரம் கவிழ்ந்தும் அடுத்த நாள் அதே கடைக்குப் போய் அதே சத்தத்தில் பிளேன்டீ கேட்கிறார். எதையும் தொடங்காத எனக்கு வெட்கம், எல்லாவற்றையும் கெடுத்த அவருக்கு இல்லை. அதுதான் என்னைக் கோபப்படுத்தியது என்று இப்போது நினைக்கிறேன்.

பறவைக் கதைக்கு வருகிறேன். பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்கு வேன் ஓட்டுகிற றுஸ்தி எங்கள் தெருக்காரன். பறவை பார்க்க வருகிற ஆட்கள் எல்லாரும் ஒரு பறவையைக் கேட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று சொல்லி, ஒருநாள் வேலியடியில் நின்று போனில் படத்தைக் காட்டினான். சாம்பல்கால் கானாங்கோழி.

"இவரையா தேடுறானுகள்?" என்றார் சாச்சா. பறவைகளுக்கு அவர் மரியாதை கொடுப்பார். "இவர் நம்மட வளவுக்குள்ளதான் கிடக்கார். காலையில காலையில காணுறன்."

அந்தப் படத்தை அவர் பார்த்த ஒரு நொடியில் ஒரு மாட்டைக்கூட அடையாளம் கண்டிருக்க முடியாது.

சாதாரணக் கானாங்கோழியை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளை நெஞ்சு, வேலியோரம் வாலை ஆட்டிக்கொண்டு திரியும், வளவுக் கோழிக்குப் போட்ட சோற்றையும் வந்து கொத்தும். இது அது இல்லை. நான் போனில் தேடி வாசித்தேன். தலையும் நெஞ்சும் செங்கபிலம். வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். சிவந்த கண். சாம்பல் நிறக் கால். வடக்கே இந்தியாவின் ஈரக் காடுகளில் இருந்துவிட்டு, மாரி தொடங்கும்போது இரவில் பறந்து கடலைத் தாண்டி இலங்கைக்கு வரும். வந்த பிறகு பற்றைக்குக் கீழே, நனைந்த சருகுக்குள் மறைந்துவிடும். விடிகிற நேரத்திலும் பொழுதுபடுகிற நேரத்திலும் கண்ணில் பட்டால் உண்டு. பல வருடம் தேடிக் காணாதவர்கள் இருக்கிறார்களாம். அதைத்தான் எங்கள் சாச்சா காலையில காலையில கண்டுகொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு பேஸ்புக் பக்கம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். செய்து கொடுத்தேன். வேறு வேலை இருக்கவில்லை.

"எழுது புள்ள. முத்தலிப்பிடம் வந்தால் குருவியைக் காணாமல் திரும்ப மாட்டீர்கள்."

"சாச்சா, உண்மையில நீங்க அதக் கண்டிருக்கீங்களா?"

"காணாமலா சொல்லுறன்?"

"அப்ப கால் என்ன நிறம்?"

"குருவிர காலப் பாக்கவா மனிசன் கொழும்பிலயிருந்து வாறான்? நீ எழுது."

எழுதினேன். பட்டம் பெற்றபின் ஊர் வாசிக்கும்படி நான் எழுதிய முதல் வசனம் அதுதான்.

இந்த முறை அவர் கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஸாஜித் கத்தாரில் மச்சானுக்கு ஒரு டிரைவர் வேலை பார்த்து, விசாவையும் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். றுஸ்தியின் ஹோட்டல் மனேஜரோ வேறொன்று சொல்லியிருந்தார். கொழும்பிலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் ஒரு பல் டொக்டர் இந்தப் பறவைக்காகவே வருகிறார். அவர் இங்கே அதைப் பார்த்து, ஆள் பரவாயில்லை என்று ஒரு சொல் சொன்னால், வாவிப் பக்கம் வருகிற எல்லா விருந்தாளிகளையும் இனி முத்தலிப்பிடமே அனுப்புவார்கள். நிரந்தர வேலை மாதிரி.

சாச்சி வேலியடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே சொன்னார். "இந்த மாசத்தோட ஒரு முடிவு. குருவி கிடைச்சா மனிசன் இஞ்ச. கிடைக்காட்டிக் கத்தார். இன்னொரு போர்ட் அடிக்க என்னால ஏலா."

"சாச்சாக்குப் போக விருப்பமா?"

"அவர் எப்பயாவது விருப்பமில்ல எண்டு சொல்லியிருக்காரா? சொன்னா மரியாத குறைஞ்சிருமே."

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஷஸ்னா. கலியாணத்துக்குப் பிறகு சாச்சா கத்தாரில் நீண்ட காலம் இருந்துவிட்டு முதல் தடவை வந்தபோது அவளுக்கு நன்றாகப் பேச்சு வந்திருந்தது. அவரைக் கண்டதும் ஆசியா உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவர் எப்ப போவார்?" என்று கேட்டாளாம். சாச்சா இதைச் சந்திக் கடையில் பகிடியாகச் சொல்லிச் சிரிப்பார். இப்போது அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளை டியூசனுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவதும், வகுப்பு முடியும்வரை கேற்றடியில் நின்று மற்றத் தகப்பன்மாரிடம் கதை அளப்பதும் அவருடைய வேலை. அவர் ஒழுங்காகச் செய்து நான் கண்ட வேலை அது ஒன்றுதான்.

டொக்டர் சந்திரமோகன் மனைவியோடு வந்தார். தொப்பி தொடங்கிச் சப்பாத்து வரைக்கும் இலைப் பச்சை. கமராவைத் துவாயால் சுற்றித் தோளில் வைத்திருந்தார். எங்களில் யாருடைய பேரையும் அவர் கேட்கவில்லை. இந்த நாட்டுப் பறவைகளில் தான் இதுவரை பார்த்தவற்றின் எண்ணிக்கையைக் கேட்காமலே சொன்னார். சாம்பல்கால் கானாங்கோழி அந்தக் கணக்கில் விழாத இடைவெளி. வளவில் ஒரு மீன்கொத்தி கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து உட்கார்ந்தது. அவருடைய மனைவி ஆசையாகப் பார்த்தார். டொக்டர் திரும்பவே இல்லை. அதை அவர் ஏற்கெனவே எண்ணி முடித்துவிட்டார்.

சாச்சா பற்றைக்குள் தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டி, கண் அளவில் ஓட்டை விட்டிருந்தார். விடியற்காலையில் மூன்று பேரும் அதற்குள் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தால் நானும் ஷஸ்னாவும் தேத்தண்ணீர் கொண்டுபோனோம். கிட்டப் போகும்போதே ஊது அத்தர் மணத்தது. சாச்சா பெருநாளுக்குப் பூசுகிற அளவுக்குப் பூசியிருந்தார்.

"மிஸ்டர் முத்தலிப், எனக்குத் தலையிடிக்குது" என்றார் டொக்டர்.

"இப்ப வாற நேரம் டொக்டர். இவர் இந்த வழியாத்தான் வருவார்."

சருகு அசைந்தது. சாச்சா எழும்பியே விட்டார். "அந்தா! அந்தா டொக்டர்!"

ஒரு கீரி ஓடிப்போனது.

"அதுக்குப் பின்னால நிண்டவர். நீங்க கமராவத் தூக்கினதும் உள்ள போயிட்டார்."

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் அந்தப் பறவையைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"நேத்து."

"வால் எப்பிடி?"

"வால்... அளவா இருக்கும் டொக்டர்."

ஷஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தச் சிரிப்பின் மேல் ஒரு அருவருப்பும் வந்தது. வெயில் ஏறுகிற வரை இருந்துவிட்டு டொக்டர் எழும்பினார். நாளைக் காலை ஒரு தடவை வருவேன், அதோடு கொழும்புக்குப் போய்விடுவேன் என்றார்.

அன்று இரவு மாரியின் முதல் பெருமழை பெய்தது. காற்றும் சேர்ந்து அடித்ததில் கரண்ட் போய்விட்டது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் இருட்டாகவே இருந்தது. டொக்டருக்கு வேண்டிய தேத்தண்ணீருக்காக நான் அவர்களுடைய குசினியில் சாச்சியோடு நின்றேன். சாச்சா முற்றத்தில் நின்று போனில் டொக்டரோடு கதைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பின்வளவுக் குளியலறையிலிருந்து ஆசியா உம்மாவின் சத்தம் வந்தது.

"மருமகன்! ஓடி வாங்க! ஒரு கோழி சாகக் கிடக்கு!"

எங்கள் வீடுகளில் இந்தக் கூப்பாட்டுக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு கோழி கிணற்றுக்குள் விழுந்தாலும், வாகனத்தில் அடிபட்டாலும், அது தானாகச் செத்துவிட்டால் ஹராம். உயிர் இருக்கும்போதே அல்லாஹ்வின் பேரால் பிஸ்மி சொல்லி அறுத்துவிட்டால் சாப்பிடலாம், ஒரு உயிர் வீணாகப் போகாது. அதனால் யாருடைய கோழி, என்ன வருத்தம் என்று ஒருவரும் நின்று கேட்பதில்லை. கத்தியோடு ஓடுவார்கள். பெண்களும் அறுக்கலாம், ஆனால் எங்கள் பக்கத்தில் ஆம்பிளையைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஓம் டொக்டர், மழ உட்டுட்டு. இண்டைக்கு இவர் வராம எங்க போற? ஒரு நிமிசம் டொக்டர், லைன்ல நில்லுங்க" என்று சொல்லி, போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குசினித் தட்டிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் போனேன். ஆசியா உம்மா சிறகையும் காலையும் சேர்த்துப் பிடித்து, நனைந்து சுருண்ட ஒரு கறுப்பு முடிச்சை நீட்டினார். அது துடிக்கவில்லை. தலை தொங்கிக் கிடந்தது.

"கோழியா மாமி, என்ன?"

"இருட்டுல எனக்கென்ன தெரியும்? தண்ணி வாளிக்குப் பக்கத்துல கிடந்த. மூச்சு இருக்கு. கெதியா அறுங்க."

சாச்சா தொழுகைத் திசையான கிப்லாவுக்குத் திரும்பினார். "பிஸ்மில்லாஹி, அல்லாஹு அக்பர்." அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். ஒரு இழுப்பு. துடிப்பு அடங்கும்வரை கையில் வைத்திருந்தார், பிறகு கொண்டுவந்து குசினி வாசலில் இருந்த பேசினுக்குள் வைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "ஓம் டொக்டர், சொல்லுங்க. நீங்க நேரா வாங்க, நான் இடத்துல நிக்கன்."

டொக்டரும் மனைவியும் வந்து, சாச்சாவோடு மறைப்புக்குள் போய்விட்டார்கள். நன்றாக வெளிச்சம் வந்தது. சாச்சி சுடுதண்ணீரோடு குசினி வாசலில் குந்தி, இறகு பிடுங்கப் பேசினை இழுத்தார். நான் தேத்தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பேசின் விளிம்பில் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சாம்பல் நிறம். வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள்.

"சாச்சி, நில்லுங்க."

போனை எடுத்துப் படத்தைப் பக்கத்தில் பிடித்தேன். சாச்சி இரண்டையும் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று கையை உதறினார்.

"என்ன, அரபிர கோழியா?" என்றார் ஆசியா உம்மா.

"டொக்டர்ர கோழி" என்றேன்.

அந்த நேரம் பார்த்து சாச்சா தேத்தண்ணீர் கேட்டு வந்தார். "புள்ள, பிளாஸ்கத் தா. டொக்டர் இண்டைக்கு நல்ல மாதிரி இருக்கார், சிரிச்சிக் கதைக்கார்." மூன்று பெண்களும் பேசினைச் சுற்றி நிற்பதைக் கண்டு நின்றார். நான் போனை நீட்டினேன். அந்தப் படத்தை அவர் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு பேசினுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு விரலால் அந்தக் காலைத் தொட்டார். தலையைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். இறகைத் தடவி அந்தக் கோடுகளை நேராக்கினார்.

முதலில் வாயைத் திறந்தது ஆசியா உம்மா. "பூனை புடிச்ச எண்டு சொல்லுங்க."

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன பாக்கீங்க? குருவி இஞ்ச இருக்குதெண்டும் அந்த மனிசனுக்குத் தெரியும், நீங்க செய்யல்ல எண்டும் ஆகும். பூனைய யார் புடிச்சி விசாரிக்கிற?"

சாச்சியின் முகம் தெளிந்தது. "உம்மா சொல்றது சரி. வளவுக்குள்ள கிடந்த எண்டு கொண்டுபோய்க் காட்டுங்க. ரெண்டு நாளா நீங்க சொன்னது உண்மையாப் போகும்."

நானும் யோசித்தேன். அருமையான பொய். என் பட்டத்துக்கு எழுதிய ஆய்வறிக்கையில்கூட எல்லாம் இவ்வளவு பொருத்தமாக வந்து விழவில்லை. "கழுத்தத் துண்டால சுத்திருங்க சாச்சா. கழுத்தக் காட்டாட்டிச் சரி" என்றேன்.

"ஏலா" என்றார்.

"ஏன் ஏலா?" சாச்சிக்குக் குரல் உயர்ந்தது. "வாயத் தொறந்தாப் பொய் சொல்லுற மனிசன்! நண்டத் தொறந்து உட்டன் எண்டு சொல்ல ஏலும். ராஜாளி கையில இருந்த எண்டு சொல்ல ஏலும். நம்மட புள்ளையோட இருக்கிறத்துக்கு ஒரு பூனையச் சொல்ல ஏலாதா?"

"பிஸ்மி சொல்லி அறுத்தன், ஸஹீதா. பூனை திண்ட மிச்சம் எண்டு அத எப்பிடிச் சொல்லுற?"

"டொக்டருக்கு அது என்ன தெரியும்?"

"டொக்டருக்கில்ல."

ஒரு பீங்கான் தட்டை எடுத்துப் பறவையை அதில் வைத்தார். துண்டு ஒன்றும் போடவில்லை. வளவின் வாழைகளைத் தாண்டி மறைப்பு இருந்த பக்கம் போனார். நாங்கள் வாழையடி வரைக்கும் போய் நின்றோம். ஷஸ்னாவும் எழும்பி வந்து எங்களோடு நின்றாள். மறைப்புக்கு வெளியே டொக்டரும் மனைவியும் எழுந்து நிற்பது தெரிந்தது.

"டொக்டர், இவர்தான்."

டொக்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எங்க கிடைச்சது?"

"பாத்ரூமுக்குள்ள கிடந்தார். சாகப்போறார் எண்டு நினைச்சி நான்தான் அறுத்தன். காலையில நீங்க போன்ல இருந்தீங்களே, அந்த நேரம்."

"நான் லைன்ல நிக்கேக்கையா?"

"ஓம் டொக்டர். ஒரு நிமிசம் எண்டு சொன்னன்தானே."

டொக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். அழுகையா சிரிப்பா என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

"அது சாகக் கிடக்கேல்லை" என்றார் டொக்டர். "களைச்சுப்போய்க் கிடந்தது. ராத்திரி முழுக்கக் கடலுக்கு மேலால வந்திருக்கு. பேசாமல் விட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில எழும்பி நடந்து போயிருக்கும்."

சாச்சா பறவையின் தொங்கிய தலையைப் பீங்கானுக்குள் எடுத்து வைத்தார்.

"இதுக்கு முந்தி நீங்கள் இதைக் கண்டிருக்கிறீங்களா? உண்மையைச் சொல்லுங்கோ."

"இல்ல டொக்டர். ஒருநாளும் காணல்ல. இண்டைக்கும் கையில வச்சிருந்தன், பாக்கல்ல."

டொக்டர் நிமிர்ந்தார். இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை, தெரியுமா என்று கேட்டார். பிறகு, "இதை நான் கணக்கில எடுக்கேலாது. உயிரோட பாக்கோணும்" என்றார். மனைவியிடம் அதையே இரண்டாவது தரமும் சொன்னார், யாரோ அவரிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டதுபோல. செத்த பறவையைவிட அந்த இடைவெளி அவரை அதிகம் வருத்தியது. அப்படியிருந்தும் போவதற்கு முன்னால் பீங்கானைக் கீழே வைக்கச் சொல்லி, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டார்.

பின்னேரம் றுஸ்தி வந்தான். வேனிலிருந்து இறங்காமலே, மனேஜர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றான். சாச்சி உள்ளே போய் ஸாஜித்துக்குப் போன் எடுத்தார்.

அறுத்ததை வீசினால் அதைவிடப் பெரிய பாவம் என்று சொல்லி ஆசியா உம்மா அதைக் கறியாக்கியிருந்தார். ஒரு கைப்பிடி இறைச்சி. சாச்சி தொட மாட்டேன் என்றுவிட்டார். ஆக்கிய ஆசியா உம்மாவும் தொடவில்லை. சாச்சா தனியாகக் குந்திச் சாப்பிட்டார். ஷஸ்னா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பீங்கானிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

இந்த இடத்தில் அவர்மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது முழு உண்மையாக இராது. பொய் சொல்லக்கூடாத இடத்திலெல்லாம் சொல்லி, பிரயோசனப்படுகிற ஒரே இடத்தில் சொல்லாமல் விட்ட மனிதர் என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் கழுத்தைச் சுற்றச் சொன்ன என்னுடைய குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. யோசிக்காமலே வந்தது அது. என்னைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவரிடம் ஒன்று இருந்தது. ஐம்பது வயது வரைக்கும் அதை அவர் எங்கே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அவர் போகிற அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் வந்தது. தெருவில் ஆட்கள் கூடினார்கள். அவர் ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் வந்தார்கள்.

"முத்தலிப் காக்கா, அந்தக் குருவி என்ன ஆச்சி?" என்று, அண்ணன் முறை வைத்து ஒருவன் சீண்டினான்.

"அறுத்துட்டன்."

"ருசி எப்பிடி? கொழும்பு ஆளுகள் தேடி வாற சாமான்!"

"நல்லாயில்ல. எலும்புதான்" என்றார்.

அவர் ஷஸ்னாவின் தலையில் கையை வைத்தார். சாச்சியிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காத அளவு மெதுவாக. வேன் தெருவின் குழிகளில் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு போய், சந்தியில் திரும்பியது.

"பூனை எண்டு ஒரு சொல்லு" என்றார் ஆசியா உம்மா. "ஒரே ஒரு சொல்லு. அதுக்கும் வக்கில்லாத மனிசன்."

"சொல்லல்லதானே உம்மா. உடுங்க" என்றார் ஸஹீதா சாச்சி. கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போகாமல், வேன் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேற்றடியிலேயே நின்றார்.